புழு சாகவில்லை என்று வேப்பங்கொட்டையைத் தள்ளிவிடலாமா?

மேலூர்ப் பக்கம் கத்தரி போடுகிறவர்களிடம் வேப்பங்கொட்டைச் சாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால், "அடித்துப் பார்த்தோம், ஒரு புழுவும் சாகவில்லை" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அவர்கள் சொல்வது பொய்யல்ல. அந்தச் சாற்றிலுள்ள அசாடிராக்டின், பூச்சியை இலையைத் தின்னவிடாமல் தடுப்பதோடு, புழு தோலுரித்து வளர்வதையும் குலைக்கிறதே தவிர, நரம்பைத் தாக்கும் இரசாயன மருந்தைப் போல அடித்தவுடன் வீழ்த்துவதில்லை. ஆகவே மறுநாள் காலையில் வரப்பில் நின்று செத்த புழுவைத் தேடுவதில் பயனில்லை. சில நாள் கழித்து, புதிதாக விட்ட இலைகளில் கடி குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதே சரி.

சாறு பலிக்காமல் போவதற்குத் தயாரிப்பும் ஒரு காரணம். ஆனி, ஆடியில் உதிரும் பழங்களைப் பொறுக்கிச் சதை நீக்கி நிழலில் உலர்த்திய கொட்டையே உகந்தது. பூஞ்சணம் பிடித்ததும் ஆண்டுக்கணக்கில் மூட்டையில் கிடந்ததும் வேண்டாம். 5 சதவீதக் கரைசலுக்கு, 10 லிட்டர் டேங்க் ஒன்றுக்கு அரைக் கிலோ பருப்பு தேவை. ஓடு நீக்கிய பருப்பின் எடை அது. ஓட்டோடு நிறுத்துவிட்டு வேம்பைக் குறை சொல்பவர்கள் ஏராளம். பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்துத் துணியில் வடிகட்டினால் வெண்ணிறச் சாறு இறங்கும். இதில் காதி சோப்புக் கரைசலைச் சேர்க்காவிட்டால் இலையில் ஒட்டாமல் வழிந்துவிடும். வெயிலில் வீரியம் குறைந்துவிடுவதால் மாலையில், இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி அடிக்க வேண்டும். அசுவினியும் வெள்ளை ஈயும் அங்கேதான் அண்டியிருக்கின்றன. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்புவது வெள்ளை ஈ என்பதால், அங்கே மஞ்சள் ஒட்டும் பொறியையும் வைத்துவிடுவது நல்லது.

கத்தரியின் காய்த்துளைப்பான் கதை வேறு. தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிட்ட புழுவை எந்தச் சாறும் எட்டாது. வாடித் தொங்கும் குருத்தைக் கிள்ளிப் பிளந்து பார்த்தால், உள்ளே எச்சத்துக்கு நடுவே இளஞ்சிவப்புப் புழு நெளியும். அத்தகைய குருத்துகளையும் துளை விழுந்த காய்களையும் வரப்பில் வீசாமல் எரித்துவிட வேண்டும். இந்தப் புழு வளர்ந்து மாறும் ஆண் அந்துப்பூச்சிகளைப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறியும் உதவும்.

பூச்சிக்கென்று சிலர் அடிக்கும் புகையிலைக் கஷாயத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. இயற்கையானதுதான் என்றாலும், அதிலுள்ள நிக்கோடின் தோல் வழியாகவே உடலில் ஏறும் கடுமையான நஞ்சு. போதாக்குறைக்கு, தக்காளி, மிளகாய்ச் செடிகளுக்குப் புகையிலைத் தேமல் வைரஸும் அதன் வழியே தொற்றக்கூடும்.