கடன் ஆள் பெயரிலா, மீட்டர் பெயரிலா?

வீடுகளில் வெப்பமும் மின்சாரமும் எங்கே வீணாகின்றன என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. வாசற்கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுத்தால், எந்த ஜன்னல் ஓரம், எந்த ஸ்விட்ச் பெட்டி வழியாகக் காற்று நுழைகிறது என்பது தெரிந்துவிடும். அப்புறம் அறிக்கை எழுதுவேன்: கூரைக்கு வெப்பம் கடக்காமல் தடுக்கும் இன்சுலேஷன் போடுங்கள், இடுக்குகளை அடையுங்கள், வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லரை எடுத்துவிட்டு, வெளியிலிருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் வையுங்கள். வீட்டுக்காரர்கள் அக்கறையோடு படிக்கிறார்கள், நல்ல கேள்விகள் கேட்கிறார்கள். ஆனால் பல வீடுகளில் வேலை தொடங்குவதே இல்லை.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். செலவு மொத்தமாக முதலிலேயே வந்து நிற்கிறது. மிச்சமோ மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக, பல வருடங்களுக்குச் சேர்கிறது. நடுவில் வீட்டை விற்றுவிட்டால் போட்ட பணம் என்ன ஆகும்? வாடகை வீட்டில் சிக்கல் இன்னும் பெரிது. பணம் போடுபவர் உரிமையாளர், பில் குறைவதோ குடியிருப்பவருக்கு.

அதனால்தான் கடனை ஆள் பெயரில் எழுதாமல் வீட்டின் மின் மீட்டரோடு இணைக்கும் முறையை நான் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் மிட்வெஸ்ட் எனர்ஜி என்ற கூட்டுறவு நிறுவனம் 2007-இல் இதைத் தொடங்கியது. வேலைக்கான பணத்தை நிறுவனமே போட்டு, மாத பில்லில் ஒரு தொகையாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும். எதிர்பார்க்கும் மிச்சத்தைவிட அந்தத் தொகை குறைவாக இருக்க வேண்டும். குடியிருப்பவர் மாறினால் பாக்கி அடுத்து வருபவரின் பில்லுக்குப் போகும். இன்சுலேஷன் அந்த வீட்டிலேயே இருக்கிறது, அதன் பலனை அனுபவிப்பவர் கட்டுகிறார். இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டன் 2013-இல் கொண்டுவந்த கிரீன் டீல் என்ற கடன் திட்டமும் கிட்டத்தட்ட இதே யோசனைதான். 2015-இல் அரசு நிதியை நிறுத்தியபோது கடன் வாங்கியிருந்தவை சுமார் 14,000 வீடுகளே. இதைக் காட்டி மீட்டர் கடன் செல்லாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வட்டி 7 சதவீதத்துக்கும் மேல் போனது. மதிப்பிட ஒருவர், கடன் தர ஒருவர், வேலை செய்ய இன்னொருவர் என்று நடைமுறையும் சுற்றி வளைத்தது. அந்த வட்டியில் மிச்சமாகும் பணத்தின் பெரும்பகுதி கடனுக்கே போய்விடும். பிறகு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

நெதர்லாந்தின் எனர்ஜிஸ்ப்ராங் என்ற வீட்டுப் புதுப்பிப்புத் திட்டம் இன்னொரு படி மேலே போனது. தொழிற்சாலையில் அளவெடுத்துச் செய்த சுவர்ப் பலகைகளை வீட்டின் மேல் பொருத்தி, கூரையில் சோலார், கூடவே ஹீட் பம்ப். சில வீடுகளில் ஒரு வாரத்துக்குள் வேலை முடிந்தது, ஆட்கள் வீட்டைக் காலி செய்யவும் வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது உத்தரவாதம்: வருடக் கணக்கில், வீடு செலவழிக்கும் அளவுக்கு ஆற்றலை அதுவே உற்பத்தி செய்யும் என்று வேலை செய்தவர்களே பல வருடங்களுக்குப் பொறுப்பேற்கிறார்கள். பழைய எரிசக்தி பில்லுக்குப் பதிலாக ஒரு கட்டணத்தைக் குடியிருப்பவர் வீட்டின் உரிமையாளரான வீட்டுவசதிச் சங்கத்துக்குச் செலுத்துகிறார்; முதலீடு அதிலிருந்து திரும்புகிறது.

இது நன்றாக நடப்பது ஒரே அச்சில் கட்டிய வரிசை வீடுகளில்தான், அதுவும் உரிமையாளர் ஒரே அமைப்பாக இருக்கும்போது. தனித்தனி உரிமையாளர்கள் இருக்கும் தெருவில், ஒரே காலத்தில் கட்டிய வீடுகளைச் சேர்த்து, மொத்தமாக விலை கேட்டு, வேலை முடிந்தபின் அளந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பாய்லரோ பலகையோ விற்பவராக இருக்கவே கூடாது. அவருக்கான சம்பளம் அளந்து பார்த்த மிச்சத்திலிருந்து வரட்டும்.