பூசுவதற்கு முன் இடைவெளியைக் கணக்கிடுங்கள்

தங்கம் பூசிய தகட்டில் ஒற்றை டி.என்.ஏ. இழைகளை நட்டு, கரைசலில் வரும் இணை இழைகளைப் பிடிப்பதுதான் என் ஆய்வின் முதல் சோதனை. நெருக்கமாக நட்டால் நிறையப் பிடிபடும் என்று நம்பி, செறிவையும் ஊறவைக்கும் நேரத்தையும் கூட்டிக்கொண்டே போனேன். வரைபடக் கோடு கொஞ்ச தூரம் ஏறிவிட்டு இறங்கத் தொடங்கியது. மூன்று வாரங்கள் தகட்டின் மீதே பழியைப் போட்டேன்.

குறை நெருக்கத்தில்தான் இருந்தது. டி.என்.ஏ. எதிர்மின்சுமை கொண்டது. நட்ட இழைகள் அடர்ந்து நின்றால் வரும் இழைக்கு உள்ளே நுழைய இடமும் இல்லை, மின்விலக்கமும் அதைத் தள்ளுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 லட்சம் கோடி இழைகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 33 சதுர நானோமீட்டர் கிடைக்கும். அதாவது கிட்டத்தட்ட 6 நானோமீட்டர் இடைவெளி. இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருந்தால் அந்த மூன்று வாரங்கள் மிஞ்சியிருக்கும்.

இடைவெளியைக் காக்க, இழைகளை நட்ட பிறகு, கந்தக முனையால் தங்கத்தில் ஒட்டும் சிறு மூலக்கூறான மெர்காப்டோஹெக்சனால் கரைசலில் தகட்டை ஊறவையுங்கள். தங்கத்தின் மீது சும்மா படுத்துக்கிடக்கும் இழைகளை அது எழுப்பி நிறுத்தும், காலியிடத்தையும் நிரப்பும்.

பிடிக்க வேண்டியது புரதம் என்றால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. இப்படிக் கந்தக முனையால் தங்கத்தின் மீது ஒட்டி நெருங்கி அமையும் தயோல் மூலக்கூறுகளுக்கு இடையே சுமார் அரை நானோமீட்டர்தான். பயோட்டின் என்ற சிறு மூலக்கூறை இறுகப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதமோ ஏறத்தாழ 5 நானோமீட்டர் அகலம். ஒன்றின் அடியில் நூறு தயோல்கள் அடங்கிவிடும். எல்லாத் தயோல்களிலும் பயோட்டின் இருந்து என்ன பயன்? மிகச் சிறு பங்கில் மட்டும் இருக்கட்டும், மற்றவை வேண்டாத புரதம் ஒட்டாமல் தடுக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் வகையாக இருக்கட்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. கரைசலில் ஒன்றுக்கு ஒன்பது என்று கலந்தால் பரப்பிலும் அதே விகிதம் அமையும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீளமும் முனைத்தொகுதியும் வேறுபடும்போது ஒன்று மற்றொன்றை முந்திக்கொண்டு ஒட்டும். பரப்பில் எந்தத் தனிமம் எவ்வளவு உள்ளது என்று காட்டும் எக்ஸ் கதிர் ஒளிமின்னணு நிறமாலையில் அளந்து பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள். அந்த அளவும் சராசரியைத்தான் சொல்லும். மூலக்கூறுகள் ஓரிடத்தில் கும்பலாகக் கூடியிருந்தாலும் அதே எண் வரும். ஆகவே வெவ்வேறு விகிதங்களில் ஐந்தாறு தகடுகளை ஒரே நாளில் தயாரித்து, பிடிபட்ட அளவை அடர்த்திக்கு எதிராக வரைந்து பாருங்கள். கோடு திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால் நிற்கும் தகட்டைத்தான் நான் இப்போது தேர்ந்தெடுக்கிறேன்.