480-ஐ இடித்தது நிலநடுக்கம் அல்ல

சான் பிரான்சிஸ்கோவில் 480 என்று ஒரு மாநில நெடுஞ்சாலை இருந்தது. சுமார் இரண்டு கிலோமீட்டர்தான் நீளம். விரிகுடாவைக் கடந்து ஓக்லாந்து நகருக்குப் போகும் பே பிரிட்ஜ் பக்கம் பிரிந்து, கடலோரமாகவே வந்து, பிராட்வே தெருவில் இறங்கிவிடும். எம்பார்கடேரோ ஃப்ரீவே என்று சொன்னால்தான் ஊர்க்காரர்களுக்குப் புரியும்.

என் அலுவலகம் ஃபெர்ரி பில்டிங்குக்கு அருகில். மதியம் சாப்பிட்டதும் அந்தக் கரையில்தான் நடப்பேன். ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிப் போனால், "இங்கே ஒரு மேம்பாலம் இருந்ததாமே, நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டதாமே" என்பார்கள். விழவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பே பிரிட்ஜையும் கோல்டன் கேட் பாலத்தையும் இணைக்கும் ஃப்ரீவே என்பதுதான் மூலத்திட்டம். நகரைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டும் இன்னும் பல ஃப்ரீவேக்களும் அந்தக் காலத் திட்டத்தில் இருந்தன. வீடுகள் போகும் என்று தெரிந்ததும் மக்கள் கொதித்தார்கள். 1959 ஜனவரியில் நகர சபை, பத்தில் ஏழு திட்டங்களை ரத்து செய்தது. எம்பார்கடேரோவில் அதற்குள் தூண்கள் எழும்பிவிட்டன. அதே ஆண்டு அது பிராட்வே வரை திறக்கப்பட்டு, அங்கேயே நின்றுபோனது. மேலே தொடர வேண்டிய கான்கிரீட் முனை அந்தரத்தில் வெட்டுப்பட்டு நின்றது. முதலில் தேசிய சாலை எண் 480; 1965-ல் அந்தத் தகுதி போய், பிறகு மாநில நெடுஞ்சாலை 480 ஆனது.

பழைய படங்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும். ஃபெர்ரி பில்டிங் 1898-ல் கட்டியது. பாலங்கள் வருவதற்கு முன், நாளொன்றுக்கு 50,000 பேர் வரை படகில் வந்து இறங்கிய வாசல் அது. அந்த வாசலுக்கு நேர் எதிரே இரண்டடுக்கு கான்கிரீட். மார்க்கெட் தெருவிலிருந்து எடுத்த படங்களில் கட்டடமே தெரியாது. சாலைக்கு மேலே மணிக்கூண்டு மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் கடல் இருப்பதே தெரியாது. (மேல்தளத்தில் கார் ஓட்டியவர்களுக்கு மட்டும் விரிகுடா முழுக்கத் தெரிந்தது. அந்தக் காட்சிக்காகவே அந்தச் சாலையை விரும்பியவர்களும் உண்டு.)

இதை இடித்துவிடலாம் என்று 1985-ல் நகர சபை முடிவு செய்தது. மறு ஆண்டு மக்களிடம் ஓட்டுக்கு விட்டபோது, வேண்டாம் என்றுவிட்டார்கள். தினமும் 60,000-க்கு மேல் வண்டிகள் போன சாலை, நெரிசலுக்குப் பயந்தார்கள்.

1989 அக்டோபர் 17, மாலை 5.04. நிலநடுக்கம், அளவு 6.9. ஓக்லாந்தில் இதேபோல இரண்டடுக்காக இருந்த சைப்ரஸ் மேம்பாலம் சரிந்து 42 பேர் செத்தார்கள். எம்பார்கடேரோவில் தூண்கள் விரிசல் விட்டன, சாலையை மூடினார்கள், ஆனால் நின்றது. பலப்படுத்தி மறுபடி திறந்திருக்க முடியும். இடிக்க வேண்டும் என்று நின்றவர் மேயர் ஆர்ட் ஆக்னோஸ். 1990-ல் நகர சபையில் ஓட்டெடுப்பு நடந்தது: இடிக்க 6, எதிராக 5. ஒரே ஒரு ஓட்டு. 1991 பிப்ரவரியில் இடிப்பு தொடங்கியது.

அந்த ஐந்து ஓட்டுக்கும் நியாயம் இருந்தது. பிராட்வேயில் இறங்கினால் நேரே சைனாடவுன், சீனர்கள் வாழும் பகுதி. ஓக்லாந்து, பெர்க்லி பக்கமிருந்து குடும்பத்தோடு காரில் வந்து மளிகை வாங்கி, சாப்பிட்டுப் போகிறவர்களை நம்பித்தான் அங்கே பல கடைகள் ஓடின. சாலை மூடியதும் வியாபாரம் படுத்துவிட்டது. ரோஸ் பாக் என்ற அம்மையார் சைனாடவுன் வியாபாரிகளைத் திரட்டி, சாலையைத் திரும்பத் திறக்கச் சொல்லிப் போராடினார். 1991 இறுதியில் நடந்த தேர்தலில் ஆக்னோஸ் தோற்றார்; சைனாடவுனின் கோபம் அதற்கு ஒரு காரணம் என்று இங்கே பலரும் சொல்வார்கள்.

நான் ஆக்னோஸ் பக்கம்தான். அந்தச் சாலை போக வேண்டியதுதான். இன்று பழைய டிராம் வண்டிகள் ஓடுகின்றன, வரிசையாகப் பேரீச்ச மரங்கள், ஃபெர்ரி பில்டிங்கில் சந்தை, வாசலில் திரும்பவும் படகுகள். ஆனால் சுற்றுலாக் கையேடுகள் இந்தப் பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பாகற்காய்க்கும் தண்டுக்கீரைக்கும் நான் சைனாடவுனின் ஸ்டாக்டன் தெருவுக்குத்தான் போகிறேன். ஒரு கடையில் வயதான அம்மா ஒருவர், "அப்போது சனிக்கிழமை என்றால் நிற்க இடமிருக்காது" என்று கீரையைக் கட்டிக்கொண்டே சொன்னார். நகரத்துக்குக் கடல் திரும்பக் கிடைத்ததற்கான விலையில் பெரும்பங்கு அந்தத் தெருவிலிருந்து போனது.

ஈடாக ஏதாவது வேண்டும் என்று ரோஸ் பாக் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டது ஸ்டாக்டன் தெருவுக்கடியில் சுரங்க ரயில். அது ஓடத் தொடங்கியது 2022 நவம்பரில், சாலையை இடித்து முப்பது வருஷத்துக்கு மேலான பிறகு. ரோஸ் பாக் 2016-லேயே காலமாகிவிட்டார். சைனாடவுன் நிலையத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.