தொட்டிலில் தூங்கவையுங்கள், பாயில் மல்லாக்கப் போடுங்கள்

மதுரைப் பக்கம் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்ததுமே பழைய சுங்குடிச் சேலையில் தொட்டில் கட்டிவிடுவார்கள். அழுகிற பிள்ளையை அமர்த்த அது உதவும். ராத்திரி முழுக்க அதிலேயே கிடத்துவதைத்தான் வேண்டாம் என்கிறோம். பச்சைப்பிள்ளைக்குத் தலை பெரிது, கழுத்தில் பலம் கிடையாது. சேலை குழிந்து கிடப்பதால் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் போய் முட்டும், மூச்சுப்பாதை ஒடுங்கும். தலையைத் தூக்கிக்கொள்ளத் தெரியாது, சத்தமும் வராது. அதனால் ஆட்டும்போது முகம் கண்ணில் படும்படி இருங்கள். தூங்கியதும் எடுத்துப் பாயில் போட்டுவிடுங்கள். குறைமாதப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை என்றால் தொட்டிலே கட்ட வேண்டாம்.

கட்டுவதற்கு முன்னால் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கயிறு உரசுகிற மடிப்பில் இழை நைந்து, வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அது தொட்டிலுக்கு ஆகாது. சேலை மூடிக்கொள்ளாமல் விரிந்து நிற்க நடுவில் கட்டை வையுங்கள். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரம் வேண்டாம். பிள்ளை புரளத் தொடங்கிவிட்டால் தொட்டிலை அவிழ்த்துவிடுங்கள்.

படுக்கைக்குச் செலவே இல்லை. கோரைப்பாய், அதன் மேல் இரண்டாக மடித்த ஜமுக்காளம், ரப்பர் ஷீட், அதற்கு மேல் சுருக்கமில்லாமல் இழுத்து நான்கு பக்கமும் அடியில் செருகிய பருத்தித் துணி. உள்ளங்கையால் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். பள்ளம் அப்படியே நின்றால் அந்தப் படுக்கை ஆகாது. புதிய இலவம்பஞ்சு மெத்தையில் இதுதான் நடக்கும், குப்புறத் திரும்பிய பிள்ளையின் மூக்கு அந்தப் பள்ளத்தில் புதையும். தலையணை, பக்கத்துக்கு அணைகட்டுகிற உருளைகள், பொம்மை எதுவும் வேண்டாம். தலை உருண்டையாக வர வேண்டுமென்று கடுகுத் தலையணையும் வைக்காதீர்கள். பிள்ளை எப்போதும் அம்மா பக்கமோ வெளிச்சத்தின் பக்கமோதான் திரும்பும். ஒருநாள் விட்டு ஒருநாள் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் போட்டாலே ஒரே பக்கம் அழுந்தாது. பகலில் விழித்திருக்கும்போது கூடவே உட்கார்ந்து கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள்.

தூங்கும்போது மல்லாக்கத்தான். பால் எதுக்களித்தால் புரையேறுமே என்று பாட்டிமார் பயப்படுவது பாசத்தினால். ஆனால் மல்லாக்கப் படுத்தால் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். எதுக்களித்த பால் மூச்சுக்குழாய்க்கு மேலேறித்தான் போக வேண்டும். குப்புறப் படுத்தால் அதே பால் மூச்சுக்குழாய் வாசலில் போய்த் தேங்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-இல் குப்புறப் படுக்கவைக்காதீர்கள் என்றது. 1994-இல் அங்கே நாடு முழுக்கப் பிரசாரம் நடந்தது. அதற்குப் பிறகு தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். ஒருக்களித்துப் போட்டாலும் எளிதில் குப்புறச் சரிந்துவிடும்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு பருத்திச் சட்டை போதும். வீட்டுக்குள் குல்லாவும் கையுறையும் எதற்கு? தலை வழியாகத்தான் பிள்ளையின் சூடு அதிகம் வெளியேறும். கை கால் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் போர்த்தாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் துணி அதிகம். மின்விசிறி ஓடலாம். சாம்பிராணியை அறையில் போடாதீர்கள், புகை மூச்சுக்கு ஆகாது. குடைக் கொசுவலை வைத்தால் விளிம்பு தரையில் முழுக்கப் படியட்டும். துணி முகத்தில் தொய்ந்து விழுகிறதா என்றும் பாருங்கள்.

பிள்ளையின் பாய் அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் தனியாக இருக்கட்டும். வீட்டில் யாராவது புகை பிடித்தாலோ, குடித்திருந்தாலோ, தூக்க மாத்திரை போட்டிருந்தாலோ பிள்ளையை ஒரே படுக்கையில் போடவே கூடாது. கழுத்தில் மணியோ கயிறோ இருந்தால் தூங்கும் முன் கழற்றிவிடுங்கள்.