மீனுக்கு மூன்று கால்
ராத்திரி தூக்கம் வராமல் ஆழ்கடல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைபாட் மீன் என்று ஒன்று, உடம்பு ஒரு முழம்கூட இருக்காது, ஆனால் இரண்டு இடுப்புத் துடுப்பிலும் வாலின் அடியிலும் கம்பி மாதிரி நீளும் இழைகள் ஒரு மீட்டர் வரை போகுமாம், அதை ஊன்றிக்கொண்டு சேற்றுக்கு மேலே அசையாமல் நிற்கிறது. ஆழம் 900 மீட்டரிலிருந்து 4,700 வரை. கண் பேருக்குத்தான். நீரோட்டத்துக்கு முகம் காட்டி, முன் துடுப்புகளைக் கை போல விரித்து வைத்திருக்கும், இறால்குஞ்சு மாதிரி ஏதாவது வந்து தட்டினால் சரி, அதுதான் சாப்பாடு. மீனே கொக்கு வேலை பார்க்கிறது! அப்புறம் ஒரே உடம்பில் முட்டையும் உண்டு, விந்தும் உண்டு. அந்தக் கும்மிருட்டில் தன் இனத்தில் எது எதிரே வந்தாலும் ஜோடிதான். நீந்தக் கிளம்பினால் மட்டும் மூன்று கால்களும் துவண்டு, பட்டத்து வால் போலப் பின்னால் இழுபடுகின்றன.