இடது காதும் பன்னிரண்டு குளிசைகளும்

திருகோணமலை டைக் வீதியில் கடலை ஒட்டிய வீடு எங்களுடையது. ஒரு நாள் விடியற்காலை எழும்பியபோது, இடது காதில் அலையோசை அறவே இல்லை. அதற்குப் பதிலாக உள்ளே ஓர் இரைச்சல் மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் காட்டிய இடத்தில் காதுக்குள் பாராமலே அழுக்கு அடைத்துவிட்டது என்று துளிமருந்து தந்தார்கள். அதிலேயே ஐந்து நாட்கள் கழிந்தன. அந்த ஐந்து நாட்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

ஆறாம் நாள், அக்காவின் வற்புறுத்தலால், காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணர் ஒருவரிடம் சென்றேன். அவர் தட்டினால் ஒலிக்கும் உலோகக் கவையான இசைக்கவையைத் தட்டி என் நெற்றியின் நடுவில் வைத்து, ஓசை எப்பக்கம் கேட்கிறது என்று வினவினார்; வலப்பக்கம் என்றேன். அழுக்கினால் அடைபட்டிருந்தால் அடைபட்ட காதின் பக்கமே ஓசை சாய்ந்திருக்கும் என்றும், நல்ல காதுக்குச் சாய்வதால் பழுது உட்காதிலோ நரம்பிலோ இருப்பதாகவும் விளக்கினார். வாயை மூடி மெல்ல முனகிப் பார்த்தாலே வீட்டிலும் இந்த வேறுபாடு பெரும்பாலும் தெரியும். அதை நான் அறியாதிருந்தேன். 72 மணித்தியாலத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபெல்லோ அதற்கு மேலோ கேள்திறன் குறைந்தால் அதைத் திடீர்ச் செவிப்புலன் இழப்பு என்கிறார்கள். எனது பரிசோதனைத் தாள் அதையே காட்டியது.

அவர் அழற்சியைத் தணிக்கும் ஓமோன் வகை மருந்தான ஸ்டீரொயிட்டை எழுதித் தந்தார். காதுக்கு ஏன் ஸ்டீரொயிட் என்று கேட்டேன். உட்காதின் கலங்களில் இம்மருந்து பற்றிக்கொள்ளும் ஓமோன் வாங்கிகள் இரு வகையாக உள்ளன. குளுக்கோகோட்டிக்கொயிட் வாங்கி மரபணுக்களின் இயக்கத்தை மாற்றி அழற்சியைத் தணிக்கிறது. மினரலோகோட்டிக்கொயிட் வாங்கியோ, சிறுநீரகத்தில் செய்வதைப் போலவே, சோடியம், பொற்றாசியம் ஆகியவற்றின் போக்குவரத்தோடு தொடர்புடையது. உட்காதில் ஓசையை உணரும் பகுதியான நத்தைச்சுருளின் உட்பாய்மத்தில் பொற்றாசியம் மிகுந்து, ஏறத்தாழ 80 மில்லிவோல்ற்று மின்னழுத்தம் நிலைத்திருந்தால்தான் மயிர்க்கலங்கள் ஓசையைச் சரிவர உணரும். ஸ்டீரொயிட்டுகளில் பிரெட்னிசலோன் இரு வாங்கிகளையும் பற்றும். டெக்ஸாமெதசோன் பெரிதும் முதலாவதையே பற்றும். உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோயுள்ள எலிகளில், உப்புச் சமநிலையை ஆளும் அல்டொஸ்தெரோன் என்னும் ஓமோனும் கேள்திறனை மீட்டது என்ற செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. அழற்சியைத் தணிப்பது மட்டுமே இம்மருந்தின் வேலை அல்ல என்பதை அதன்பின்னரே விளங்கிக்கொண்டேன்.

காலை உணவுக்குப் பின் 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் குளிசைகள் பன்னிரண்டு, பத்து நாட்கள். பின்னர் படிப்படியாகக் குறைத்தோம். உறக்கம் கெட்டது. இரத்தச் சர்க்கரை ஏறியதால் அக்கா சோற்றை அளந்தே போட்டார். நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்பதை உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. படமும் எடுத்தார்கள்.

கேள்திறன் பாதியளவே மீண்டிருந்ததால், இரண்டு கிழமைகளில் நான்கு முறை, செவிப்பறையை மரக்கச் செய்து அதனூடாக டெக்ஸாமெதசோன் ஏற்றினார்கள். மருந்து நடுக்காதில் தங்கி இரண்டுக்கும் இடையிலுள்ள வட்டச் சாளர மென்சவ்வு வழியாக உட்காதுக்குள் ஊறுவதற்காக, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் விழுங்காமல், பேசாமல், வலப்பக்கமாகச் சரிந்து படுத்திருந்தேன்.

மருந்தின்றியே மீள்வோரும் பலர் இருப்பதால், என் காது மருந்தினாலேயே திறந்தது என்று சாதிக்க மாட்டேன். தாழ்ந்த ஓசைகள் முதலில் திரும்பின. ஒரு மாலை, இடது காதிலும் அலை கேட்டது. உயர்ந்த அதிர்வெண்கள் முழுதாகத் திரும்பவில்லை. இடப்பக்கமிருந்து அக்கா பேசும்போது ‘ச’, ‘ஸ’ ஓசைகள் இன்னும் மங்கியே கேட்கின்றன.