ஊசி குத்தியதிலிருந்து மூன்றாவது மாதப் பரிசோதனை வரை

எச்.ஐ.வி. உள்ள ரத்தம் நம் உடம்புக்குள் போய்விட்டாலும், உடனே மாத்திரை தொடங்கினால் தொற்று பற்றாமல் தடுக்க வழி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பலருக்கே இது தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

மன்னார்குடி பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். காய்ச்சலுக்கு வந்த ஓர் அம்மாவுக்கு ரத்தம் எடுக்கும்போது, வலி தாங்காமல் கையை வெடுக்கென்று இழுத்துவிட்டார். ஊசி கையுறையைத் தாண்டி என் விரலில் ஏறிவிட்டது. நான் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் அவரே குரலைத் தாழ்த்தி, "நான் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுறேம்மா. உடனே டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றார். ஏ.ஆர்.டி. என்பது எச்.ஐ.வி. உள்ளவர்கள் எடுக்கும் மருந்து. அவர் வாயைத் திறக்காமல் போயிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அந்த மனசை நான் மறக்க மாட்டேன்.

கூட இருந்தவர்கள் விரலைப் பிதுக்கு, ஸ்பிரிட் ஊற்று என்றார்கள். இரண்டுமே கூடாது. வாயில் வைத்து உறிஞ்சவும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அதைச் செய்துவிட்டு டாக்டரிடம் போனேன். அவர் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு போன் போட்டுவிட்டு என்னை அனுப்பிவைத்தார். முதல் மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மிகவும் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இருக்காது. 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்பதற்கு இதில் இடமே இல்லை.

அங்கே முதல் மாத்திரையைக் கையில் கொடுத்து விழுங்கச் சொன்ன பிறகுதான் மற்ற பேச்செல்லாம். என் சம்மதம் கேட்டு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி மூன்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. எச்.ஐ.வி. ரத்தம் இருந்த ஊசி குத்தினால் தொற்று வருவது ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் என்று ஆலோசகர் சொன்னார். அந்த அம்மா ஒழுங்காக மாத்திரை எடுப்பவர் என்பதால் அது இன்னும் குறைவு. ஆனாலும் 28 நாளும் மாத்திரையை விடக் கூடாது என்றார்.

தினம் ஒரே ஒரு மாத்திரை. அதற்குள் மூன்று மருந்துகள்: டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர். ரத்தசோகைக்கு நான் இரும்புச்சத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் போட்டால் டொலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது, எச்.ஐ.வி. மாத்திரையைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரும்புச்சத்து மாத்திரையைப் போடு என்றார்கள். கால்சியம் மாத்திரைக்கும் அதே கணக்குதான். முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது, தூக்கம் சரியாக வரவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

மருந்தை விட வீட்டில் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. பரிசோதனைகள் முடிகிற வரை ஆணுறை கட்டாயம், ரத்த தானம் கூடாது. வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். மாமியார்தான் பயந்துபோனார். சம்பா நடவு நேரம், வீடு முழுக்கக் கொசு. "உன்னைக் கடிச்ச கொசு பிள்ளையையும் கடிச்சா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார். "ஒண்ணும் ஆகாது அத்தை. கொசு உடம்புல இந்தக் கிருமி பெருகாது. அது உறிஞ்சின ரத்தத்தைத் திரும்ப நம்ம உடம்புக்குள்ள விடுறதும் இல்லை" என்றேன். ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே குளத்தில் குளிப்பது, பிள்ளைக்கு முத்தம் கொடுப்பது எதிலும் பரவாது. ஆணுறை இல்லாத உடலுறவு, ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, பரிசோதிக்காத ரத்தம் ஏற்றுவது, கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவது, இவைதான் வழிகள். தாய் கர்ப்பத்திலேயே மாத்திரை தொடங்கிவிட்டால் பிள்ளைக்குப் போவதையும் பெரும்பாலும் தடுத்துவிடலாம். திருவிழாக் கடைகளில் பச்சை குத்திக்கொள்ளும் பிள்ளைகள், புது ஊசியை நம் கண்ணெதிரே பிரிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

அந்த அம்மாவை விசாரித்து கிளினிக்கில் இரண்டு பேர் என்னைத் துளைத்தார்கள். யாரென்று நான் சொல்லவில்லை. இப்படி உண்மை சொல்கிறவர்களை நாம் ஒதுக்கினால் அடுத்த முறை யார் வாய் திறப்பார்கள்?

ஆறாவது வாரம் எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை, மூன்றாவது மாதமும் இல்லை. ஆறாவது மாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. இதற்கிடையே எங்கள் கிளினிக்கில் குப்பை அள்ளும் அக்காவுக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசியே போட்டதில்லை என்று தெரிந்தது. டாக்டரிடம் சொல்லி முதல் ஊசி போட வைத்தோம். சந்தேகம் உள்ளவர்கள் 1097க்கு போன் செய்யலாம், கட்டணம் கிடையாது.